நீர்ச்சுண்டிக் குட்டை

எழிலரசி கடற்கரைக்குப் போகும்போதெல்லாம் கூட ஒரு ஆள் போகவேண்டும் என்பது மாமியார் உண்ணாமலை போட்ட ஒரே நிபந்தனை. மருமகள் கல்லூரியில் பாடம் எடுக்கலாம், பகுதி நேரமாக ஆராய்ச்சியும் செய்துகொள்ளலாம், அதிலெல்லாம் அந்த அம்மாளுக்கு மறுப்பில்லை. ஆனால் மரக்காணம் பக்கம் ஆளில்லாத மணல்மேட்டில் ஒரு பெண் தனியாகக் குந்திக்கொண்டு செடியைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பதை அவளால் ஏற்க முடியவில்லை.

கணவன் அறிவுச்செல்வனுக்கு லீவு கிடைக்காது. செங்கம் ரோட்டில் வெளிநாட்டுக்காரர்கள் தங்கும் விடுதிகளுக்கு வயரிங் வேலை செய்பவன் அவன். குளிர்காலம் வந்தால் சாப்பிடக்கூட வீட்டுக்கு வரமாட்டான். அதனால் அவன் தங்கை கவிநிலாதான் ஒவ்வொரு முறையும் அண்ணியோடு கிளம்பினாள். அடி அண்ணாமலையிலிருந்து டவுன் பஸ், அப்புறம் செஞ்சி, திண்டிவனம் என்று மாறி மாறிப் போகிற பஸ் பயணம் அவளுக்குச் சலித்ததே இல்லை. பி.காம் முடித்துவிட்டுக் காவலர் தேர்வு எழுதியிருந்தாள். எழுத்துத் தேர்வில் தேறிவிட்டாள். ஓட்டம் மட்டும் பாக்கி. தினமும் காலையில் கிரிவலப் பாதையில் ஓடுவாள். அவள் பின்னால் ஓடிப் பழக ஆரம்பித்த பெண்களே ஒரு கூட்டம் இருந்தது.

"அண்ணி, உங்க செடிங்க எல்லாம் தொட்டாதான் மூடுது. எங்கம்மா தொடறதுக்கு முன்னாடியே கதவை மூடிடுவாங்க," என்று பஸ்ஸில் சொல்லிச் சிரிப்பாள். போலீஸ் வேலைக்கு உண்ணாமலை இன்னும் முழுமனதாகச் சரி சொல்லவில்லை.

எழிலரசியின் ஆராய்ச்சி, தொட்டால் இலை மூடும் காட்டுச் செடிகள் கடலுக்கு எவ்வளவு அருகில் வந்து வாழ்கின்றன என்பது. எல்லாமே அவரைக் குடும்பத்துச் செடிகள். ஏரிக்கரையில் எல்லோரும் பார்க்கிற தொட்டாச்சிணுங்கி கடலோரத்தில் உப்பளத்து வரப்பு வரைக்கும் வந்து நின்றுவிடுகிறது. சவுக்குத் தோப்பு மணலில் மஞ்சள் பூ வைக்கும் சிறு செடி ஒன்று உண்டு. தொட்டதும் மூடாது, யோசித்து யோசித்து மெதுவாக மூடும். அதையும் தாண்டி அடும்பங்கொடியும் ராவணன் மீசைப் புல்லும் படர்ந்த மேட்டில் உப்புக் காற்று நேராக அடிக்கும். அங்கே இலை மூடும் செடி எதுவும் இருக்காது என்றுதான் அவளும் அவளுடைய வழிகாட்டிப் பேராசிரியரும் நினைத்திருந்தார்கள்.

பொங்கல் கழிந்த ஒரு வாரத்தில் இருவரும் போனபோது மழைத்தண்ணீர் இன்னும் வற்றவில்லை. மணல்மேட்டுக்குப் பின்னால், தோப்பு முடிகிற இடத்தில் ஒரு குட்டை நிரம்பிக் கிடந்தது. கவிநிலா தண்ணீர் பாட்டில் வாங்க ரோட்டுக் கடைக்குப் போயிருந்தாள். குட்டையை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த எழிலரசியிடம் தோப்புக் காவல்காரர் ஒருவர் வந்தார். தோளில் அரிவாள், வாயில் வெற்றிலை.

"கரையோரமா நின்னு பாத்துக்கம்மா. உள்ள எறங்காதே. எறா வளக்கறோம்னு தோண்டினானுங்க. நஷ்டமாயி அப்படியே வுட்டுட்டுப் போயிட்டானுங்க. தகரம், இரும்புக் கம்பி எல்லாம் அடியில கெடக்குது. ஒரு எடம் முட்டி ஆழம், அடுத்த எடம் ஆள் முழுங்கும்."

"சரிங்கய்யா," என்றாள் எழிலரசி. அவர் போய்விட்டார்.

அதற்கப்புறம்தான் அவள் அதைப் பார்த்தாள். குட்டையின் நடுவில், தண்ணீர்மேல் படர்ந்து, வெள்ளைப் பஞ்சு சுற்றினாற்போன்ற தண்டோடு மிதந்துகொண்டிருந்தது நீர்ச்சுண்டி. மஞ்சள் பூ. இதுவும் தொட்டால் மூடுவதுதான், உள்நாட்டு ஏரிகளில் இருக்கிற செடி. நல்ல தண்ணீரை விட்டு வெளியே வராது என்று பாடத்தில் சொல்லிக்கொடுக்கிற செடி. அலைச் சத்தம் கேட்கிற தூரத்தில் அது பூத்திருந்தது. கரையோரத்துத் தண்ணீரைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள். லேசாகக் கரித்தது.

கவிநிலா வந்ததும் கையைப் பிடித்து இழுத்துக் காட்டினாள். "பாரு நிலா, பாரு. இங்க இருக்கக் கூடாது இது."

"அப்ப நல்லதா கெட்டதா?"

"நல்லது. ரொம்ப நல்லது. காய் கெடைச்சா போதும். வெதையை உப்புத் தண்ணியில போட்டு மொளைக்குதான்னு பாக்கலாம்." எழிலரசிக்குச் சின்ன வயதிலிருந்தே தண்ணீர் என்றால் பயம். இடுப்பளவு கிணற்றுத் தொட்டியில்கூட இறங்கமாட்டாள். கேமராவைக் கையில் வைத்துக்கொண்டு கரையில் நின்று, "நீ போய் ஒரு கொடி இழுத்துட்டு வர்றியா?" என்று கேட்டாள்.

அப்படிக் கேட்டபோது காவல்காரர் சொன்னது அவளுக்கு ஞாபகம் இருந்தது. மறந்து போயிருந்தால் பின்னால் எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும். மறக்கவில்லை. சின்னக் குட்டைதானே, நிலா பார்த்துப் போவாள், கொஞ்ச நேரம்தானே என்று ஒரு கணக்கு மனசுக்குள் ஓடியது. சொன்னால் போகமாட்டாள் என்பதும் அந்தக் கணக்கில் இருந்தது.

கவிநிலா சுடிதார் பேண்ட்டைச் சுருட்டிவிட்டு இறங்கினாள். முழங்கால் வரை தண்ணீர். திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். இன்னும் கொஞ்சம் போனாள். கொடியை எட்டிப் பிடித்தவள் சட்டென்று காணாமல் போனாள்.

எழிலரசி கேமராவைப் போட்டுவிட்டுக் கத்திக்கொண்டே தண்ணீருக்குள் இறங்கினாள். எப்படி இறங்கினாள் என்று அவளுக்கே தெரியாது. மேலே வந்த தலைமுடியைப் பிடித்தாள். பிடித்த பிடியை விடவில்லை. காவல்காரரும் விறகு வெட்டிக்கொண்டிருந்த இன்னொருவரும் ஓடிவந்து இருவரையும் இழுத்துப் போட்டார்கள். கவிநிலாவின் வலது குதிகாலுக்கு மேலே தகரம் ஆழமாக அறுத்திருந்தது. எழிலரசி துப்பட்டாவால் இறுக்கிக் கட்டினாள். துப்பட்டா பார்த்துக்கொண்டிருக்கும்போதே நிறம் மாறியது.

அரிவாளைக் கீழே போட்டுவிட்டு நின்ற காவல்காரர் அவளை ஒரு தரம் பார்த்தார்.

ஆம்புலன்சில் கவிநிலா கண்ணை மூடியபடி மெல்லப் பேசினாள். "அண்ணி. நீங்க எறங்கச் சொன்னீங்கன்னு வீட்டுல சொல்லாதீங்க. அம்மா அப்புறம் உங்களை எங்கயும் விடமாட்டாங்க. கை கால் கழுவப் போனேன், வழுக்கிடுச்சு. அவ்வளவுதான்."

"பேசாம இரு நிலா."

"சொல்லமாட்டேன்னு சொல்லுங்க."

எழிலரசி தலையை ஆட்டினாள்.

காயத்தில் சேறு ஏறியிருந்தது. திருவண்ணாமலைக்குக் கொண்டுவந்து அறுவை சிகிச்சை செய்தார்கள். சீழ் வைத்ததால் இன்னொரு முறையும் செய்தார்கள். நரம்பைச் சேர்த்துத் தைத்திருக்கிறோம், நடக்கலாம், ஆனால் ஓடுவதைப் பற்றி இப்போது எதுவும் சொல்ல முடியாது என்றார் டாக்டர். சொல்ல முடியாது என்று அவர் சொன்ன விதத்திலேயே பதில் இருந்தது. ஆஸ்பத்திரியில் இருந்த நாளெல்லாம் எழிலரசிதான் கூட இருந்தாள். கல்லூரிக்கு லீவு போட்டாள். கழுவிவிட்டாள், ஊட்டிவிட்டாள், தலை பின்னிவிட்டாள்.

அவளை அதிகம் துன்புறுத்தியது உண்ணாமலையின் நன்றி. "எம் மருமவ தண்ணின்னா பாத்ரூம் வாளியைப் பாத்தே பயப்படுவா. அவ குதிச்சுப் புடிச்சிருக்கா," என்று பார்க்க வந்தவர்களிடமெல்லாம் சொன்னாள். அக்கம்பக்கத்துப் பெண்கள் எழிலரசியின் கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கினார்கள். பூ வாங்கிக் கொடுத்தார்கள். அறிவுச்செல்வன் ஒருநாள் அவள் தலையைத் தடவினான். ஒவ்வொன்றும் அவளுக்கு அடி விழுவதுபோல் இருந்தது.

பௌர்ணமிதோறும் உண்ணாமலை வீட்டு வாசலில் எலுமிச்சை ஜூஸ் கடை போடுவாள். கிரிவலம் வருகிறவர்களுக்காக. மாசிப் பௌர்ணமி மதியம் அவளும் எழிலரசியும் உட்கார்ந்து பழம் பிழிந்துகொண்டிருந்தார்கள். கவிநிலா உள்ளே தூங்கிக்கொண்டிருந்தாள்.

"நீ இல்லாட்டி அவ இல்ல எழிலு," என்றாள் உண்ணாமலை, பழத்தைப் பிழிந்தபடியே. "அந்தக் கடனை நான் எப்படித் தீப்பேன்னு தெரியல."

எழிலரசியால் அதற்குமேல் முடியவில்லை. "அத்தை, நான்தான் அவளை எறங்கச் சொன்னேன். செடிக்காக. அங்க இருந்த ஆளு எறங்காதேன்னு என்கிட்ட சொல்லியிருந்தாரு. அடியில தகரம் இருக்குதுன்னும் சொன்னாரு. நான் அவகிட்ட சொல்லல."

உண்ணாமலை பிழிவதை நிறுத்தவில்லை. கையிலிருந்த பழத்தில் சாறு தீர்ந்து வெகுநேரம் ஆகியும் பிழிந்துகொண்டே இருந்தாள்.

"தெரிஞ்சேவா?"

"தெரிஞ்சேதான் அத்தை."

உண்ணாமலை எழுந்து போய்க் கையைக் கழுவிக்கொண்டு வந்தாள். திட்டுவாள், அடித்தாலும் அடிப்பாள், பிறந்த வீட்டு அண்ணனுக்கு போன் போட்டு உன் தங்கையை வந்து கூட்டிப்போ என்பாள் என்று எழிலரசி காத்திருந்தாள். அதில் எது நடந்திருந்தாலும் அவளுக்குப் பாரம் குறைந்திருக்கும்.

"இதை நிலாகிட்ட சொல்லாத," என்றாள் உண்ணாமலை. "உம் மேல உசிரையே வச்சிருக்கா. இதுவும் போயிட்டா அவளுக்கு என்ன இருக்குது? எம் மவன்கிட்டயும் சொல்லாத. வீடு ரெண்டாயிடும்." அடுத்த பழத்தை எடுத்துக்கொண்டு, "போலீசு வேலை வேணாம்னு நானும் கும்பிட்டுக்கினுதான் இருந்தேன். இப்படிக் கேக்கல," என்றாள்.

அன்று மாலை அந்த அம்மாள் மாடிக்குப் போனாள். எழிலரசி முன்பு கொண்டுவந்த விதைகளை முளைக்கப் போட்டிருந்த தட்டுகள் அங்கே வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றாக எடுத்து வந்து எருக்குழியில் கவிழ்த்தாள். சின்னச் சின்னச் செடிகள் விழுந்த அதிர்ச்சியில் இலைகளை மூடிக்கொண்டு கிடந்தன. எழிலரசி பார்த்துக்கொண்டு நின்றாள். தடுக்கவில்லை.

அப்புறம் அந்த வீட்டில் இரண்டு பேர் ஒரு விஷயத்தைச் சுமந்துகொண்டு நடமாடினார்கள். உண்ணாமலை மருமகளுக்குச் சோறு போட்டாள், காபி கொடுத்தாள், முகத்தை மட்டும் பார்க்கவில்லை. கவிநிலா கம்பூன்றி நடக்க ஆரம்பித்தாள். காலுக்குக் கொடுத்த பயிற்சியை விடாமல் செய்தாள். ஓட்டத் தேர்வுக்கு அழைப்பு வந்து, அவளோடு ஓடிய பெண்கள் வேலூருக்குக் கிளம்பிய அன்று, வழியில் வந்து அவளைப் பார்த்துவிட்டுப் போனார்கள். சிரித்துப் பேசி அனுப்பினாள். அவர்கள் போனபிறகு வாசற்படியில் உட்கார்ந்தவள் எழவில்லை.

எழிலரசி நல்லெண்ணெய்க் கிண்ணத்தோடு வந்து அவள் காலை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு தேய்த்துவிட்டாள். தையல் போட்ட இடம் கயிறுபோல் தடித்திருந்தது.

"கண்ணு இருந்தும் குருடு அண்ணி நான்," என்றாள் கவிநிலா. "கால் வைக்கறதுக்கு முன்னாடி ஒரு குச்சியால குத்திப் பாத்திருக்கலாம். ஒரு நிமிஷ வேலை. தெனம் அதையேதான் நெனைச்சுக்கிட்டு இருக்கேன். என் அவசரப் புத்தி. இந்தப் புத்திக்கு போலீஸ் வேலை கெடைச்சிருந்தாலும் என்ன செஞ்சிருப்பேன்?"

தினமும் இந்தப் பெண் தன்னையே திட்டிக்கொண்டிருக்கிறாள் என்பது எழிலரசிக்கு அப்போதுதான் தெரிந்தது. காலை மடியிலிருந்து இறக்காமலே எல்லாவற்றையும் சொன்னாள். காவல்காரர் என்ன சொன்னார், எந்த இடத்தில் நின்று சொன்னார், அவர் சொன்னது தனக்கு ஞாபகம் இருந்தது, எல்லாம்.

கவிநிலா காலை எடுக்கவில்லை. ரோட்டில் காவி வேட்டி கட்டிய ஒருவர் செருப்பில்லாமல் மலையைச் சுற்றிப் போய்க்கொண்டிருந்தார். அவர் திருப்பத்தில் மறைகிறவரை பார்த்தாள்.

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எப்போலேந்து?"

"மாசிப் பௌர்ணமிலேந்து."

"எண்ணெய் போதும் அண்ணி," என்றாள்.

மறுநாள் காலை அவள் ஒரு பையில் துணியை எடுத்துவைத்துக்கொண்டு கீழ்பென்னாத்தூரில் இருந்த பெரியம்மா வீட்டுக்குக் கிளம்பினாள். அறிவுச்செல்வன் வண்டியில் கொண்டுவிடுகிறேன் என்றான். வேண்டாம் என்று கம்பை ஊன்றிக்கொண்டு பஸ் ஏறினாள். முந்தின இரவே எழிலரசி அவனிடமும் சொல்லியிருந்தாள். மனைவியிடம் அவன் கத்தவில்லை. இரண்டு வாரம் விடுதியிலேயே சாப்பிட்டுவிட்டு வந்தான். உண்ணாமலைதான் கடைசியில் அவனை அதட்டி வீட்டுச் சாப்பாட்டுக்கு உட்கார வைத்தாள்.

கோடை வந்த பிறகு எழிலரசி கீழ்பென்னாத்தூருக்குப் போனாள். கவிநிலா பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு உரக்கடையில் பில் போடும் வேலையில் சேர்ந்திருந்தாள். வேர்க்கடலைக்கு ஜிப்சம் வாங்க வந்தவர்கள் நின்றிருந்தார்கள். அவர்களை அனுப்பிவிட்டு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டாள்.

"உக்காருங்க அண்ணி."

எழிலரசி உட்கார்ந்தாள்.

"ஒண்ணு மட்டும் கேக்கணும்," என்றாள் கவிநிலா. "எனக்கு நடந்தது. மொதல்ல என்கிட்டதானே சொல்லணும்? ஏன் அம்மாகிட்ட போனீங்க?"

"அத்தை திட்டுவாங்கன்னு போனேன். யாராவது திட்டினா போதும்னு இருந்துச்சு."

"நான் திட்டமாட்டேனா?"

"நீ மன்னிச்சிடுவேன்னு பயமா இருந்துச்சு நிலா."

கவிநிலா மேஜைமேல் இருந்த பில்களைச் சரிசெய்து அடுக்கினாள். "மன்னிக்கல," என்றாள். குரலில் கோபம் இல்லை. "பொய் சொல்லி உங்களைக் காப்பாத்தறேன்னு நெனைச்சுக்கிட்டு இருந்தேன். அப்ப எல்லாம் தெரிஞ்சும் நீங்க ஆம்புலன்சுல என் தலையை மடியில வச்சுக்கிட்டு அழுதுக்கிட்டு இருந்தீங்க. அதை நெனைச்சாதான் தாங்கல. கால் போனதைக்கூட விட்டுடுவேன்."

வெளியே செஞ்சி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

"நான் ஆராய்ச்சியை விட்டுட்டேன்," என்றாள் எழிலரசி. "சார்கிட்ட சொல்லிட்டேன்."

"எதுக்கு?"

"அதுக்கப்புறம் எப்படி..."

"வேணாம் அண்ணி. நிலா காலுக்காகத்தான் படிப்பை விட்டேன்னு நாளைக்கு நீங்க நெனைப்பீங்க. ஊரும் பேசும். அந்தப் பழியும் என் தலையிலயா? உங்க படிப்பை நீங்க முடிங்க. நான் வேற பரீட்சை எழுதறேன், உக்காந்து செய்யற வேலைக்கு. எனக்கும் உங்க படிப்புக்கும் சம்பந்தமில்ல." ஒருவர் பூச்சிமருந்து கேட்டு உள்ளே வந்தார். கவிநிலா எழுந்து, வலது காலை லேசாக இழுத்தபடி அலமாரிப் பக்கம் போனாள்.

ஆடியில் ஒரு மழை பெய்து குட்டை மறுபடி கொஞ்சம் நிரம்பியபின் எழிலரசி மரக்காணத்துக்குப் போனாள். அறிவுச்செல்வன் லீவு போட்டுவிட்டுக் கூட வந்தான். குட்டையைச் சுற்றிக் காவல்காரர் முள் வெட்டிப் போட்டிருந்தார். அவளை அடையாளம் தெரிந்துகொண்டார்.

"அந்தப் பொண்ணு நடக்குதா?"

"நடக்கறாய்யா."

"செடிதானே வேணும்? அன்னிக்கே கேட்டிருந்தா எடுத்துக் குடுத்திருப்பேனேம்மா." தோப்புக்குள் போய் நீளமான தொரட்டிக் கோல் ஒன்றைக் கொண்டுவந்தார். கரையில் நின்றபடியே கொடியில் மாட்டி இழுத்தார். நீர்ச்சுண்டி தண்ணீரோடு வழுக்கிக்கொண்டு அவள் காலடிக்கு வந்து சேர்ந்தது. தட்டையான காய்கள் கொத்துக் கொத்தாக இருந்தன. வெற்றிலை துப்புகிற நேரத்தில் வேலை முடிந்துவிட்டது.

எழிலரசி குனிந்து காயைப் பறிக்க ஆரம்பித்தாள். இரண்டு மூன்று பறித்ததும் முடியாமல் மணலில் உட்கார்ந்துவிட்டாள். அறிவுச்செல்வன் கொஞ்ச நேரம் நின்று பார்த்தான். பிறகு அவனும் உட்கார்ந்து, மீதிக் காய்களைப் பறித்து உறையில் போட்டான்.

கவிநிலா ஐப்பசிப் பௌர்ணமிக்கு வீட்டுக்கு வந்தாள். கம்பு இல்லை. உண்ணாமலை வாசலில் கடையைப் பரப்பியிருந்தாள். சாயங்காலம் ஆனதும் கூட்டம் ரோடு கொள்ளாமல் வந்தது. கவிநிலா ஒரு பக்கம் உட்கார்ந்து டம்ளரில் ஊற்றிக் கொடுத்தாள். எழிலரசி உள்ளுக்கும் வெளிக்குமாக நடந்தாள்.

"அண்ணி, ஐஸ் கம்மியா இருக்குது, எடுத்தாங்க."

எடுத்து வந்து கொட்டினாள்.

"அந்த டம்ளரைக் கழுவிக் குடுங்க."

கழுவிக் கொடுத்தாள். கூட்டம் குறைகிறவரை ஐஸ், டம்ளர், சர்க்கரை இவற்றைத் தவிர அவர்களுக்குள் வேறு பேச்சு வரவில்லை. இடையில் ஒரு தரம் கவிநிலா காலை நீட்டிப் பிசைந்துகொண்டாள். எழிலரசி எண்ணெய் எடுத்து வரலாமா என்று யோசித்தாள். கேட்கவில்லை. உண்ணாமலை ஒரு டம்ளர் ஜூஸை எடுத்து மருமகள் பக்கம் நகர்த்தி, "குடி, நீயும் காலையிலேந்து நிக்கற," என்றாள், ரோட்டைப் பார்த்தபடியே.